முஹம்மத் அலி எடுத்து வைக்காத ஓர் அடி



கடந்த வாரம் பத்தாம் தரத்தில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், முஹம்மத் அலிட குத்து அவ்வளவு பலமா?" அதற்குள் மணி அடித்துவிட்டது. அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

அலியை விடப் பலமாகக் குத்தியவர்கள் அவர் காலத்திலேயே இருந்தார்கள். சனி லிஸ்டன், ஜோர்ஜ் ஃபோர்மன் இருவரும் அப்படிப்பட்டவர்கள்தான். அலியின் பெரிய பலம் கால்களில் இருந்தது.

அதிபாரப் பிரிவில் பலரும் காலை ஊன்றி நின்று அடிப்பவர்கள். அலி முன்மாதிரியாக எடுத்ததோ தன்னை விட எடை குறைந்த சுகர் ரே ரொபின்சனை. குதிகாலில் பாரம் போடாமல் முன்பாதத்தில் நின்றார். இடப்பக்கம் நகரும்போது முதலில் இடக்கால், பிறகு வலக்கால். இரண்டும் குறுக்கிடவே கூடாது. குறுக்கிட்ட நேரத்தில் லேசான குத்து பட்டாலும் ஆள் விழுந்துவிடுவார்.

இது பிறவியிலேயே வந்தது மட்டுமல்ல, பிள்ளைகளே. லூயிவில் நகரில் படித்த காலத்தில் பாடசாலை பஸ்ஸில் ஏறாமல் அதோடு போட்டி போட்டு ஓடிய பையன் அவர். பிறகு விடியற்காலை ஓட்டம், ஸ்கிப்பிங், எதிரில் ஆள் இல்லாமலே அசைந்து அசைந்து பழகுவது என்று வருடக்கணக்கான உழைப்பு.

1964 பெப்ரவரி 25, மியாமி பீச். 22 வயது அலிக்கு எதிரில் உலகச் சம்பியன் லிஸ்டன். பந்தயக்காரர்கள் 7க்கு 1 என்று லிஸ்டன் பக்கம் நின்றார்கள். லிஸ்டனின் ஆயுதம் இடக்கை. அலி அந்தக் கையை விட்டு விலகி இடப்பக்கமாகவே சுற்றினார். குத்துகள் காற்றில் போயின. ஏழாவது சுற்றுக்கு மணி அடித்தபோது லிஸ்டன் கதிரையை விட்டு எழும்பவில்லை.

1966 நவம்பர் 14, ஹூஸ்டன் நகரம். கிளீவ்லண்ட் வில்லியம்ஸுடன் போட்டி. இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாகக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றி மாற்றி வைக்கும் 'அலி ஷஃபிள்' அன்று அரங்கையே அதிசயிக்க வைத்தது. மூன்றாவது சுற்றில் போட்டி முடிந்தது. அவருடைய கால்கள் உச்சத்தில் இருந்த நாள் அதுதான் என்று பலர் சொல்வார்கள்.

ஐந்தரை மாதம் கழித்து, 1967 ஏப்ரல் 28, அதே ஹூஸ்டன். இந்த முறை இராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் இடம். வியட்நாம் யுத்த காலம். பெயர் கூப்பிட்டதும் ஓர் அடி முன்னால் வைக்க வேண்டும். வைத்தால் இராணுவ வீரன். அவருடைய பழைய பெயரைக் கூப்பிட்டார்கள். அலி அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டார்கள். அசையவில்லை. மார்க்கத்தையும் மனச்சாட்சியையும் காரணமாகச் சொன்னார்.

சம்பியன் பட்டம் போனது. அனுமதிப்பத்திரம் போனது. 5 வருட சிறைத்தண்டனையும் 10,000 டொலர் அபராதமும் விதித்தார்கள். மேன்முறையீடு செய்ததால் சிறை செல்லவில்லை. ஆனால் மூன்றரை வருடம் போட்டியே இல்லை. 25 வயதிலிருந்து 28 வரை, ஒரு வீரனின் கால்கள் மிக வேகமாக இருக்கும் வயது அது.

1970 ஒக்டோபரில் திரும்பி வந்தபோது பழைய கால்கள் இல்லை. 1971 மார்ச்சில் ஜோ ஃபிரேசியரிடம் முதல் தோல்வி. பல நேரம் கயிற்றோரம் நின்றுவிட்டார், 15வது சுற்றில் விழுந்தும் எழும்பினார். அதே வருடம் ஜூன் 28இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 8 நீதியரசர்களும் ஒருமித்து தண்டனையை நீக்கியது. நீதி கிடைத்தது. போன வருடங்கள் கிடைக்கவில்லை.

1974இல் கின்ஷாசாவில் ஃபோர்மனை வென்றது ஓடியாடி அல்ல. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கி, அவரைக் களைக்க வைத்து, எட்டாவது சுற்றில் வீழ்த்தினார். அப்போது வயது 32.

மகன், உன் கேள்விக்குப் பதில் இதுதான். கால் வேகம் தினமும் பழகினால் வரும், பழகு. அதை விடக் கஷ்டமானது, எல்லோரும் முன்னால் போ என்று சொல்லும் இடத்தில் காலை எடுக்காமல் நிற்பது. அதற்கு விலை இருக்கிறது என்று தெரிந்தே அவர் நின்றார்.

அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொள்வானாக.