எதை அளக்கிறது தேர்வு? பேராக்கின் பார்வையற்ற மாணவரும் பல்கலைக்கழக நுழைவும்

மலேசியாவில் அரசுப் பல்கலைக்கழக இடம் போட்டிக்குரியது. எஸ்.டி.பி.எம். (ஆறாம் படிவத் தேர்வு) மாணவரின் தகுதிப் புள்ளியில் கல்விக்கு 90 விழுக்காடு, இணைப்பாட நடவடிக்கைக்கு 10. மூவெட் ஆங்கிலத் தேர்விலும் உரிய நிலை வேண்டும். இந்தப் போட்டியில் பார்வையற்றவருக்குத் தரப்படும் பிரெய்ல் வினாத்தாளும் கூடுதல் நேரமும் சலுகை என்றே பேசப்படுகின்றன. அவை தேர்வின் துல்லியத்தைச் சேர்ந்தவை என்பதே என் வாதம். தான் அளக்க வந்ததை விட்டு வேறொன்றை ஒரு தேர்வு அளந்தால், பழுது தேர்வில்தான் இருக்கிறது.

மூவெட்டையே பார்ப்போம். 2021இல் அதன் அமைப்பு மாறுவதற்கு முன், எழுத்துத் தாளின் முதல் வினா வரைபடத்தையோ அட்டவணையையோ கொடுத்து 150 முதல் 200 சொற்களில் விளக்கச் சொன்னது. சோதிக்க வேண்டியது, ஆங்கிலத்தில் ஒப்பிட்டுத் தொகுக்கும் திறம். எந்தத் தூண் உயரம் என்பது கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். விரலால் படிப்பவரோ ஒவ்வோர் எண்ணாகத் தேடி, நினைவில் இருத்தி, மறுபடி முதல் வரிசைக்குப் போக வேண்டும். மொழித்திறனுக்கு முன்பே நினைவாற்றல் சோதிக்கப்பட்டுவிடுகிறது. நேரத்தை நீட்டுவது இதற்குப் பாதித் தீர்வு. மீதி வினா அமைப்பில் இருக்கிறது.

நேரத்திலும் ஒரே அளவு எல்லாத் தாளுக்கும் பொருந்தாது. ‘பக்கம்’ அச்சில் நான்கு எழுத்து. தமிழை எழுதும் பாரதி பிரெய்லில் புள்ளி தனிக் கட்டமாக மெய்க்கு முன்னே வரும்: ப, புள்ளி, க, க, புள்ளி, ம என்று ஆறு கட்டம். ‘கூ’ என்பதற்கு இரண்டு. மெய் இரட்டித்து வரும் தமிழில் இந்தச் சுமை வரிக்கு வரி ஏறுகிறது. ஆங்கிலப் பிரெய்லிலோ சுருக்கக் குறிகள் உண்டு. ‘அண்ட்’ (and) என்ற சொல் முழுவதும் ஒரே கட்டம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.மின் தமிழ்மொழித் தாளுக்கும் இலக்கியத் தாளுக்கும் ஆங்கிலத் தாளுக்குரிய கூடுதல் நேரமே கிடைத்தால், தமிழைத் தேர்ந்ததற்காகவே அந்த மாணவர் தண்டம் கட்டுகிறார்.

பேராக்கில் இந்தத் தமிழ்த் தாள் சிக்கலுக்குத் தனி அழுத்தம் உண்டு. சுங்கை சிப்புட், சிம்மோர் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியும் போக, லயத்துக் குடும்பங்கள் ஈப்போவின் ஓரக் குடியிருப்புகளுக்கு வந்தன. பார்வையற்றோருக்கென்று பெயர்பெற்ற நிலையங்களோ பேராக்குக்கு வெளியே உள்ளன: பினாங்கின் புனித நிக்கலஸ் இல்லம், ஜொகூர் பாருவின் பிரின்சஸ் எலிசபெத் பள்ளி, கோலாலம்பூரின் செத்தாப்பாக் இடைநிலைப்பள்ளி. வீட்டுத் தமிழை விட்டுப் பிள்ளை சிறுவயதிலேயே விடுதிக்குப் போகிறது. அங்கே தமிழ்ப் பிரெய்ல் சொல்லித்தர ஒருவர் வாய்த்தால்தான் தமிழ்த் தாள் என்ற பேச்சே எழும்.

சட்டம் கைகொடுக்கிறதா? 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் (சட்டம் 685) கல்வி உரிமையை 28ஆம் பிரிவில் சொல்கிறது. ஆனால் மீறினால் தண்டனை இல்லை. 41ஆம் பிரிவு அரசை வழக்கிலிருந்து காக்கிறது. அரசியல் சட்டத்தின் 8(2) விதி பாகுபாட்டின் காரணங்களை அடுக்கும்போது உடற்குறையைச் சேர்க்கவில்லை. ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2010இல் ஏற்ற நாட்டுக்கு இது பெருங்குறை. இந்தியாவில் 2018 வழிகாட்டி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாத ஈட்டு நேரம் தரச் சொன்னது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறைபாடு 40 விழுக்காட்டை எட்டவில்லை என்று காட்டி, சொல்வதை எழுதுபவரை மறுக்க முடியாது என்றது. மனுதாரர் பார்வையற்றவர் அல்லர். எழுதும்போது கை இறுகும் நோய் உள்ளவர். ஆயினும் நியாயமான ஏற்பாடு ஆளுக்கு ஆள் மாறும் என்ற நெறியை அத்தீர்ப்பு நிலைநாட்டியது. நமக்கு வேண்டியது அந்நெறியும், அதைக் கேட்டு வாங்க ஒரு மன்றமும்.

சொல்வதை எழுதுபவர் தாமே விடை எழுதிவிடுவாரோ என்ற ஐயம் நியாயமானது. அதற்காகப் பாடமே அறியாதவரை அமர்த்தினால் சமன்பாட்டின் அடுக்குக்குறி இடம் மாறுகிறது. எழுத்தெழுத்தாகச் சொல்லியே நேரம் கரைகிறது. திரைவாசிப்பான் உள்ள கணினியில் மாணவரே தட்டச்சு செய்தால் அந்த ஐயத்துக்கு இடமில்லை. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழையும் வாசிக்கும். தேர்வு மண்டபத்தில்தான் முதன்முறையாகத் தொடுவது என்றால் அந்தக் கருவி உதவாது. நான்காம் படிவத்திலிருந்தே பள்ளித் தேர்வுகளில் அதே கருவியும் அதே வாசிப்பு வேகமும் பழகக் கிடைக்க வேண்டும். ஒருமுறை பதிந்த ஏற்பாடு எஸ்.டி.பி.எம்., மூவெட் வரை தொடர வேண்டும். தேர்வுக்குத் தேர்வு புதிய மருத்துவச் சான்று கேட்கக் கூடாது.