வாக்கெடுப்பும் நிலமும்: 1998 காமன்வெல்த் விளையாட்டுப் போட்டியைக் கோலாலம்பூர் பெற்ற வரலாறு

1992ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், ஒலிம்பிக் போட்டி தொடங்கவிருந்த பார்சலோனா நகரில், காமன்வெல்த் விளையாட்டுக் கூட்டமைப்பின் பொதுப்பேரவை கூடிற்று. 1998ஆம் ஆண்டுப் போட்டியை ஏற்று நடத்த இரு நகரங்கள் விண்ணப்பித்திருந்தன. ஒன்று ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு, மற்றொன்று கோலாலம்பூர். வாக்குகள் எண்ணப்பட்டபோது கோலாலம்பூர் 40 வாக்குகளும் அடிலெய்டு 25 வாக்குகளும் பெற்றிருந்தன. காமன்வெல்த் விளையாட்டு முதன்முறையாக ஆசியாவுக்கு வருவது அன்று உறுதியாயிற்று.

இந்த வெற்றியை நாட்டின் வளர்ச்சிக்குக் கிடைத்த சான்றிதழாகப் பார்ப்பதே நம்மிடையே வழக்கமாக இருந்து வருகிறது. அப்பார்வை தவறன்று, ஆயினும் போதுமானதன்று. ஒரு நகரம் பன்னாட்டுப் போட்டி ஒன்றைக் கோரும்போது, வெளியே பிற நாடுகளின் வாக்கைத் தேடுகிறது. உள்ளே தன் சொந்த நிலத்தைத் தேடுகிறது. முதலாவதற்கு எண்கள் உண்டு, பதிவுகள் உண்டு. இரண்டாவது நம் வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வாக்கின் கதையைக் காண்போம். பிரித்தானியப் பேரரசு விளையாட்டு என்னும் பெயரில் 1930ஆம் ஆண்டு கனடாவின் ஹாமில்டன் நகரில் தொடங்கிய இப்போட்டி, கோலாலம்பூருக்கு வருமுன் 15 முறை நடைபெற்றுள்ளது. அவற்றுள் கனடாவும் பிரித்தானியாவும் நான்கு நான்கு முறையும், ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் மூன்று மூன்று முறையும் ஏற்று நடத்தின. எஞ்சிய ஒரே ஒரு முறை, 1966இல், ஜமேய்க்காவின் கிங்ஸ்டன் நகருக்குக் கிட்டியது. பேரரசு மறைந்து, போட்டியின் பெயரிலிருந்தும் பேரரசு என்னும் சொல் நீங்கிய பின்னும், விருந்து நடக்கும் வீடு மட்டும் மாறவில்லை எனலாம். ஆப்பிரிக்காவும் ஆசியாவும் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக விருந்தாளிகளாகவே இருந்தன.

ஆசியா கேட்காமல் இருந்ததா என்றால் இல்லை. 1990ஆம் ஆண்டுப் போட்டிக்கான வாக்கெடுப்பு 1984இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தபோது புதுடில்லி களத்தில் இருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து 20 வாக்குகளும் புதுடில்லி 19 வாக்குகளும் பெற்றன. ஒரே வாக்கில் ஆசியா தோற்றது! 1988இல் சோலில் 1994ஆம் ஆண்டுப் போட்டிக்கு மீண்டும் வாக்கெடுப்பு நடந்தது. புதுடில்லி மறுபடியும் முயன்றது. கனடாவின் விக்டோரியா வென்றது. எனவே கோலாலம்பூரின் வெற்றியைத் தனியொரு நகரின் திறமையாக மட்டும் காண இயலாது. டில்லி இருமுறை தட்டிய கதவு மூன்றாம் முறை கோலாலம்பூருக்குத் திறந்தது என்பதே பொருத்தமாகும்.

இவ்விரு தோல்விகளுக்கும் இடையே எடின்பரோ நிகழ்ந்தது. தென்னாப்பிரிக்காவின் நிறவெறி ஆட்சியுடன் விளையாட்டுத் தொடர்பைத் துண்டிப்பதிலும் பொருளாதாரத் தடை விதிப்பதிலும் தாட்சர் அரசு காட்டிய தயக்கத்தைக் கண்டித்து, 1986ஆம் ஆண்டு எடின்பரோ போட்டியைத் தகுதி பெற்றிருந்த 59 நாடுகளுள் 32 நாடுகள் புறக்கணித்தன. இந்தியாவும் மலேசியாவும் அவற்றுள் அடங்கும். வந்தவர்களைவிட வராதவர்களே அதிகம். காமன்வெல்த் விளையாட்டு இனி நிலைக்குமா என்ற கேள்வி அப்போது வெளிப்படையாகவே எழுந்தது. ஆப்பிரிக்க, கரீபிய, ஆசிய நாடுகள் தங்கள் வருகையே இப்போட்டியின் உயிர் என்பதை அப்போது உணர்த்தின. 1992இல் பார்சலோனாவில் தென்னாப்பிரிக்கா 32 ஆண்டுகளுக்குப் பின் ஒலிம்பிக் களத்துக்குத் திரும்பியது. எடின்பரோவைப் பிளந்த பிணக்குத் தீரும் தறுவாயில், அதே நகரில் கோலாலம்பூருக்கு வாக்குகள் விழுந்தன.

வாக்களிக்கும் முறையையும் இங்கே நோக்க வேண்டும். கூட்டமைப்பில் ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் ஒரு வாக்கு. இங்கிலாந்துக்கும் ஒன்று, சில ஆயிரம் மக்களே வாழும் சிறு தீவுக்கும் ஒன்று. 1984இல் பதிவான வாக்குகள் மொத்தம் 39, 1992இலோ 65. எட்டாண்டுகளில் பேரவை ஒன்றரை மடங்குக்கும் மேற்பட்ட வாக்குகள் கொண்ட அவையாகிவிட்டது. அடிலெய்டுக்கு வேறு இடர்ப்பாடுகளும் இருந்தன. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் 1982இல்தான் இப்போட்டியை நடத்தியிருந்தது. சிட்னி அப்போது 2000ஆம் ஆண்டு ஒலிம்பிக்கை நாடிக்கொண்டிருந்தது. ஒரே நாட்டுக்கு எத்தனை விருந்துகள் என்று சிறு நாடுகள் எண்ணியிருப்பின் அதில் வியப்பில்லை.

மலேசியாவின் நிலைப்பாட்டிலும் ஒரு திருப்பம் உண்டு. 1981இல் பிரதமரான டாக்டர் மகாதீர் முகமது, காமன்வெல்த் அமைப்பின்மீது பெருமதிப்பு உடையவராகத் தம்மைக் காட்டிக்கொண்டதில்லை. அவ்வாண்டு மெல்பர்னில் நடந்த காமன்வெல்த் அரசுத் தலைவர்கள் மாநாட்டுக்கு அவர் செல்லவில்லை. பிரித்தானியப் பொருள்களைக் கடைசியாக வாங்குக என்னும் கொள்கையும் அவ்வாண்டிலேயே பிறந்தது. ஆயினும் 1989 அக்டோபரில் அம்மாநாட்டைக் கோலாலம்பூரிலேயே அவரது அரசு நடத்திற்று. 1991இல் தூரநோக்கு 2020 அறிவிக்கப்பட்டது. வெறுத்து ஒதுங்குவதைவிட உள்ளே புகுந்து தலைமை இருக்கையில் அமர்வதே பயன் தரும் என்று அரசு கண்டுகொண்டது போலும். மக்களின் மனநிலையும் இதற்கு இசைவாக இருந்தது. 1992 மே மாதம் ஸ்டேடியம் நெகாராவில் இந்தோனேசியாவை 3–2 என்னும் கணக்கில் வென்று மலேசியா தாமஸ் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்த ஆரவாரம் அடங்குமுன்னரே பார்சலோனா வெற்றி வந்தது.

இனி நிலத்தின் கதைக்கு வருவோம். நகரின் தென்கோடியில் உள்ள புக்கிட் ஜாலிலில் தேசிய விளையாட்டு வளாகம் எழுந்தது. திறக்கப்பட்டபோது ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அமரக்கூடியதாயிருந்த தேசிய அரங்கம், விளையாட்டாளர் தங்கும் குடியிருப்பு, இலகு இரயில் நிலையம் ஆகிய அனைத்தும் 1998ஆம் ஆண்டுக்குள் அங்கே உருவாயின. அந்த இரயிலில் இன்று செல்லும் இளைஞர் ஒருவருக்கு அவ்விடம் அரங்கத்துக்கும் பூங்காவுக்கும் அடுக்குமாடிகளுக்கும் உரிய இடமாகவே தோன்றும். நம் முந்தைய தலைமுறைக்கோ அது தோட்டம். புக்கிட் ஜாலில் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் வாழ்ந்தனர், கோயில் கட்டினர், பள்ளி நடத்தினர், தம் முன்னோரை அங்கேயே அடக்கம் செய்தனர்.

நகரின் மறுகோடியில் புக்கிட் கியாராவிலும் இதே நிலைதான். காமன்வெல்த் போட்டியின் புல்தரைப் பந்துருட்டு ஆட்டங்கள் அங்கு நடைபெற்றன. அதுவும் முன்னாளில் இரப்பர்த் தோட்டமே. தோட்டம் அரசால் எடுக்கப்பட்டபோது அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் நீண்ட வீடுகளுக்குத் தற்காலிகமாகக் குடிபெயர்க்கப்பட்டன. 1980களில் தொடங்கிய அந்தத் ‘தற்காலிகம்’, நிரந்தர வீடு கோரி இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. சொற்களுக்குக்கூட அலுப்புத் தட்டும் காலம் அது.

இங்கு ஒரு செய்தியை நேர்மையுடன் கூறியாக வேண்டும். இந்த இழப்புகளுக்கெல்லாம் காமன்வெல்த் விளையாட்டே காரணம் என்பது மிகையாகும். நகரம் வளர்ந்து தோட்டங்களை விழுங்கியது விளையாட்டு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1950களின் இறுதியிலும் 1960களிலும் தோட்டத் துண்டாடல் நம்மவரை அலைக்கழித்ததை நாம் அறிவோம், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்ததும் அதன் விளைவே. புக்கிட் ஜாலிலில் தோட்டத்தின் வேறு பகுதிகள் தொழில்நுட்பப் பூங்காவுக்கும் வீட்டுமனைகளுக்கும் சென்றன. ஆனால் விளையாட்டு ஒன்றைச் செய்தது என்பது எம் கருத்து. நாட்டின் பெருமை என்னும் சொல் ஒரு நிலத்தின்மீது எழுதப்பட்டுவிட்டால், அந்நிலத்தில் வாழ்ந்தவரின் கோரிக்கை சிறுமையாகத் தோன்றத் தொடங்குகிறது. பத்தொன்பது நாட்டுப் பத்திரிகையாளர் வருகிறார்களோ தொண்ணூறு நாட்டார் வருகிறார்களோ, அவர்கள் பார்க்கப்போவது அரங்கத்தைத்தான், லயத்தை அன்று.

போட்டி நடந்த காலமும் எளிய காலமன்று. 1992இல் கோரியபோது இருந்த செழிப்பு 1998இல் இல்லை. ஆசிய நிதி நெருக்கடியால் ரிங்கிட் வீழ்ந்தது. செப்டம்பர் முதல் நாள் மூலதனக் கட்டுப்பாடுகள் அறிவிக்கப்பட்டன. மறுநாள் துணைப்பிரதமர் அன்வார் இப்ராகிம் பதவி நீக்கப்பட்டார். கிள்ளான் பள்ளத்தாக்கு மக்கள் அவ்வாண்டு நீர்ப் பங்கீட்டில் வாடினர். இவற்றுக்கிடையே செப்டம்பர் 11ஆம் நாள் போட்டி தொடங்கியது. 70 நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் 15 விளையாட்டுகளில் பங்கேற்றன; கிரிக்கெட், ஹாக்கி, வலைப்பந்து, எழுவர் ரக்பி ஆகிய குழு ஆட்டங்கள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. செப்டம்பர் 20ஆம் நாள் தலைநகரில் பெருந்திரளான ஆர்ப்பாட்டம் நிகழ்ந்து அன்றிரவே அன்வார் கைது செய்யப்பட, மறுநாள் எலிசபெத் அரசியார் முன்னிலையில் நிறைவு விழா நடைபெற்றது.

மலேசியா 10 தங்கப் பதக்கங்களுடன் நான்காம் இடம் பெற்றது. அப்பத்துள் ஒன்று, 50 கிலோமீட்டர் வேகநடைப் போட்டியில் கோ. சரவணன் பெற்றதாகும். நான்கு மணி நேரத்துக்கும் மேலாக, கோலாலம்பூரின் வெப்பத்தில், ஓடாமல் நடந்தே வென்ற வெற்றி அது. தடகளத்தில் தமிழர் பெற்ற இத்தங்கத்தைப் பற்றி நம் இதழ்களில் அன்று நிறையவே எழுதப்பட்டது, அதுவும் தகும். அரங்கத்தின் நிலத்தைப் பற்றி அந்த அளவு எழுதப்பட்டதாக நாம் காணவில்லை.

வெற்றிக்குப் பின் ஆசை பெருகியது. 2008 ஒலிம்பிக்கை விரும்பிய பத்து நகரங்களுள் கோலாலம்பூரும் ஒன்றாயிருந்தது. 2000ஆம் ஆண்டில் இறுதிப் பட்டியலில் இடம் கிட்டவில்லை. அதே ஆண்டில் 2006 ஆசிய விளையாட்டையும் தோகாவிடம் இழந்தது. பின்னர் காலம் மாறியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 போட்டியிலிருந்து 2023இல் விலகியபோது, கூட்டமைப்பு 10 கோடி பவுண்டு தர முன்வந்து மலேசியாவை அணுகியது. 2024 மார்ச் மாதம் மலேசிய அரசு அதை மறுத்தது. போட்டி கிளாஸ்கோ நகருக்குச் சென்றது. ஒரு காலத்தில் 40 வாக்குகள் திரட்டிப் பெற்றதை, பணம் கொடுத்து அழைத்தபோதும் வேண்டாம் என்னும் நிலை வந்தது.

புக்கிட் ஜாலிலில் எஞ்சியிருந்த குடும்பங்கள் அரங்கம் எழுந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் பழைய லயங்களிலேயே இருந்தன. தாம் வாழ்ந்த நிலத்தில் நான்கு ஏக்கர் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை 2011இல் செய்தியானது. நான்கு ஏக்கர் என்பது, ஒரு பெரிய விளையாட்டரங்கின் வண்டி நிறுத்துமிடத்துக்கே போதாத அளவு.

இவ்வரலாற்றை முழுமையாக எழுதுவதற்கு வேண்டிய சான்றுகள் இன்னும் முறையாகத் திரட்டப்படவில்லை. விண்ணப்ப ஆவணங்களும் பேரவைக் குறிப்புகளும் விளையாட்டு அமைப்புகளின் காப்பகங்களில் தேடத்தக்கவை. தோட்ட அலுவலகத்தின் சம்பளப் பேரேடுகள், கோயில் திருப்பணிக் கணக்குகள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடுகள் ஆகியவை எங்குள்ளன என்பதை முதலில் அறிய வேண்டும். இடம் மாறிய பின்னும் ‘லாடாங் புக்கிட் ஜாலில்’ என்னும் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளியிலிருந்து இத்தேடலைத் தொடங்கலாம். அங்குப் படித்தவர்களுள் முதியோர் பலர் இன்னும் நம்மிடையே உள்ளனர்.