கேமராவின் பார்வைத் துளை

மலாயாவில் 1948-ஆம் ஆண்டு அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதும், 12 வயது நிரம்பியோர் யாவரும் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை பெறவேண்டுமென்று விதி வந்தது. கோலாசிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டத் தமிழருள் பலருக்கு அதுவே வாழ்வின் முதற் படமாக இருந்திருக்கும்.

அக்காலத்துப் படக்கூடங்களின் பெரிய கேமராவில், புகைப்படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலைநுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாய்த் தெரியும் உருவத்தைக் காண்பார். படத்தகட்டைச் செருகியதும் அக்கண்ணாடியில் காட்சி மறைந்துவிடும். எனவே வெளியே வந்து, எதிரில் இருப்பவரின் முகத்தை நேரே பார்த்தபடிதான் படம் எடுப்பார்.

1949-இல் கான்டாக்ஸ் எஸ், 1959-இல் நிக்கான் எப் ஆகியவை வந்தபின் நிலைமை மாறியது. வில்லை வழி புகும் ஒளியை ஓர் ஆடியும் ஐங்கோணப் பட்டகமும் கண்ணுக்கு நிமிர்த்திக் காட்டின. ஆயினும் பொத்தானை அழுத்தும் நொடியில் ஆடி மேலெழுந்து பார்வையை மறைத்தது. டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் அவ்வகையினதே. 2008-இல் வந்த பானாசோனிக் ஜி1 அந்த ஆடியையே நீக்கியது. மிரர்லெஸ் எனப்படும் இவ்வகையில் கண் காண்பது பொருளையன்று. சிறு மின்திரையில் தோன்றும் அதன் படத்தையே.

எதை வாங்குவது? 1987-இல் அமைந்த கோலாசிலாங்கூர் இயற்கைப் பூங்காவில் கொக்குக்காக மணிக்கணக்கில் காத்திருப்போர்க்கு ஆடியுள்ள கேமராவே இதம். பார்த்துக்கொண்டிருப்பதற்கு மின்கலம் செலவாவதில்லை. கம்போங் குவாந்தான் மின்மினிகளுக்கோ அதன் துளையில் இருளே மிஞ்சும். மின்திரை இருளைச் சற்றே பெருக்கிக் காட்டும். காட்சி புள்ளிபுள்ளியாய்க் கலங்கினும் குறிவைக்க உதவும். ஆனால் அத்திரையின் ஒளி, இருளுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்கும். ஆடும் படகிலோ எந்தக் கேமராவாலும் பெரும் பயனில்லை.

தோட்டங்கள் அழிந்து வரும் இந்நாளில் முதியோரைப் படமெடுத்து வைக்க விரும்பும் ஆசிரியர்க்கு மிரர்லெஸ்ஸே ஏற்றது. லயத்து வாசலில், பின்னே வெயில் அடிக்க அமர்ந்திருக்கும் மாநிற முகத்தைத் தானியங்கி அளவி பெரும்பாலும் கருமையாக்கிவிடும். மின்திரை அதனை முன்னரே காட்டிக்கொடுக்கும். உயர்தரக் கருவிகளில், படம் பதியும் நொடியில் பாட்டி கண் இமைத்தாரா என்பதும் தெரியும். விலை மலிந்தவற்றில் அந்நொடி இன்னும் இருளே.