இணைய இடைமுகங்கள்: வேகமும் உடன்பாடும்

இணைய வழங்கியும் நிரலும் உரையாடுவதற்கான ஒரு பொது முறை, சி.ஜி.ஐ. என்ற பெயரில் 1993இல் அமெரிக்காவின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் வகுக்கப்பட்டது. வேண்டுகோளின் விவரங்களை வழங்கி சூழல் மாறிகளாக வைக்கும். நிரல் அவற்றைப் படித்து விடையை எழுதும். ஆகவே பெர்ல், சி என எம்மொழியும் பயன்பட்டது. ஆனால் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் நிரல் புதிதாகத் தொடங்கி முடிய வேண்டியிருந்தது. அதனால் வேகம் குன்றியது.

இக்குறையை நீக்க இரு வழிகள் பிறந்தன. ஃபாஸ்ட்சிஜிஐ, நிரலைத் தொடர்ந்து இயங்கவிட்டு மொழிச் சுதந்திரத்தைக் காத்தது. மாட்பெர்ல், பெர்ல் மொழியை அப்பாச்சி வழங்கிக்குள்ளேயே பதித்தது. வேகம் கூடியது, நிரலோ அவ்வழங்கியோடு பிணைந்தது.

இத்தகைய பிணைப்பின் இடர் பைத்தானில் தெளிவாக வெளிப்பட்டது. அங்கே சட்டகங்கள் பல. ஒன்றைத் தேர்ந்தால் பயன்படுத்தக்கூடிய வழங்கிகள் சுருங்கிவிடும். ஜாவாவிலும் சட்டகங்கள் பல இருந்தன. எனினும் சர்வ்லெட் என்னும் பொது இடைமுகத்தால் அங்கே அவ்விடர் எழவில்லை. இவ்வொப்பீட்டைக் காரணமாகக் காட்டி, 2003இல் ஃபிலிப் ஈபி டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. வரைவை முன்வைத்தார். அதன் வழியில் ரூபிக்கு ராக் (2007), பெர்லுக்கு பி.எஸ்.ஜி.ஐ. (2009) ஆகியவை தோன்றின.

இம்மூன்றும் வேண்டுகோளின் அடிப்படை விவரங்களை சி.ஜி.ஐ. சூட்டிய பெயர்களிலேயே பெறுகின்றன. பழைய இயக்கமுறை அருகியது. அதன் சொற்கள் நிலைத்தன. கருவியைத் தேர்பவர் வேகத்தை அளக்குமுன் எழுப்ப வேண்டிய வினாவை இவ்வரலாறே தருகிறது: நாளை வழங்கியை மாற்ற நேர்ந்தால், நிரல் திருத்தமின்றி இயங்குமா?