பூட்டுக் கொல்லரின் மகன்

கம்பியின் நீளம் கூடினால் அதில் ஓடும் மின்சாரம் குறையும் என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்துவிடுகிறார்கள். ஆனால் எவ்வளவுக்கு எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுச் சொல்வதற்கு, ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளியொன்றில் உபாத்தியாயராக இருந்த ஜார்ஜ் சைமன் ஓம் பட்ட பாடு சாமான்யமானதன்று.

இத்தாலியரான வோல்ட்டா, வெள்ளி வில்லைகளையும் துத்தநாக வில்லைகளையும் இடையிடையே உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து அடுக்கி, மின்சாரப் பிரவாகத்தை 1800-லேயே உலகுக்கு அளித்திருந்தார். மின்சாரம் ஓடும் கம்பியருகே காந்த ஊசி திரும்புவதை 1820-இல் டென்மார்க்கின் எர்ஸ்டெட் காட்டியதால், கண்ணுக்குப் புலப்படாத அப்பிரவாகத்தை அளக்கவும் வழி பிறந்திருந்தது. ஆயினும் வோல்ட்டாவின் அடுக்கு, சுற்றை மூடிய கணத்தில் வேகமாகத் தள்ளிவிட்டுச் சற்றைக்கெல்லாம் சோர்ந்துபோகும். அளக்க அளக்கப் படியே சுருங்கிக்கொண்டுபோனால் நெல்லின் கணக்கு எங்ஙனம் தேறும்?

போகெண்டார்ஃப் என்னும் விஞ்ஞானியின் யோசனைப்படி, ஓம் அடுக்கையே கைவிட்டார். பிஸ்மத்தும் தாமிரமும் சேரும் இரண்டு முனைகளில் ஒன்றைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தால், நீர் கொதித்துக்கொண்டும் பனிக்கட்டி உருகித் தீராமலும் இருக்கும்வரை, உஷ்ண பேதம் மாறாது. அதனால் மின்சாரத்தைத் தள்ளும் விசையும் மாறாது. 1826 ஜனவரியில், ஒரே பருமனும் வெவ்வேறு நீளமும் உள்ள எட்டுத் தாமிரக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக அச்சுற்றில் பொருத்தி, மேலே தொங்கிய காந்த ஊசி விலகும்போதெல்லாம், அதைத் தாங்கிய இழையை முறுக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, முறுக்கிய அளவைக் குறித்துக்கொண்டார். எர்லாங்கனில் பூட்டுச் செய்து பிழைத்த தகப்பனாரிடம் பழகிய கை அவருடையது. கருவியைத் தாமே செய்துகொண்டார்.

கம்பியை இரட்டிப்பாக்கினால் மின்சாரம் சரிபாதியாகிவிடவில்லை என்பதுதான் இதில் ரஸமான இடம். வெளியே பூட்டிய கம்பியின் தடையோடு, பிஸ்மத்தும் அதன் இணைப்புகளுமாகிய கருவியின் சொந்தத் தடையையும் கூட்டிப் பார்த்தபோதே கணக்கு இசைந்தது. மூலத்தையும் உள்ளிட்ட முழு வளையமே சுற்று என்று தெளிந்தது அப்பொழுதுதான். பாடப் புத்தகங்கள் பல இவ்விஷயத்தை ஏனோ பின்னால் தள்ளிவிடுகின்றன.

1827-இல் பெர்லினில் வெளிவந்த அவருடைய நூலை ஜெர்மானியப் பண்டிதர்களில் பலர் பொருட்படுத்தவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொஸைட்டிதான் காப்லி பதக்கம் அளித்துக் கௌரவித்தது. 1852-இல் ம்யூனிக் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் பதவி கைகூடியபோது ஓமுக்கு வயது 63. அதை அவர் இரண்டே ஆண்டுகள் வகித்தார்.