எலக்ட்ரான் இணைவு: கணினிப் பாவனையாக்கம்

மரபுசாரா மீக்கடத்திகளில் எலக்ட்ரான்கள் எவ்வாறு சோடி சேர்கின்றன என்பதைக் கணினியில் போட்டுப் பார்க்கும் முறை.

1911இல் 4.2 கெல்வினில் பாதரசத்தின் மின்தடை மறைவதை, அதாவது மீக்கடத்தலை, காமர்லிங் ஆன்னஸ் கண்டார். படிக அணியின் அதிர்வே எலக்ட்ரான்களைச் சோடி சேர்க்கிறது என்று 1957இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் விளக்கினர். 1986இல் பெட்நோர்ஸும் மியூல்லரும் கண்டெடுத்த தாமிர ஆக்சைடுகள் இந்த விளக்கத்துக்குள் அடங்காத மரபுசாரா மீக்கடத்திகள்.

மாற்று விளக்கம் பிறந்த கதையில் நம் பக்கத்துக்கும் பங்குண்டு. பெங்களூரில் 1987 ஜனவரியில் நடந்த மாநாட்டில் பிலிப் ஆண்டர்சன் அதை எடுத்துரைத்தார். அடுத்தடுத்த அணுக்களில் எதிரெதிர்த் தற்சுழற்சியோடு நிற்கும் எலக்ட்ரான்கள் முன்பே சோடிகள்தாம். எலக்ட்ரான்களுக்கு இடையிலான விலக்கு விசை அவற்றை நகரவிடாமல் வைத்திருக்கிறது. சில எலக்ட்ரான்களை அகற்றி இடம் கொடுத்தால் சோடிகள் ஓடத் தொடங்கும். அவ்வாண்டே இதைக் கணித வடிவில் நிறுத்திய கட்டுரையில் ஆண்டர்சன், சோ ஆகியோருடன் கணபதி பாஸ்கரனின் பெயரும் உண்டு. பின்னர் அவர் சென்னைத் தரமணியின் கணித அறிவியல் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். தாமிர ஆக்சைடுகளுக்கு எல்லோரும் ஏற்றுக்கொண்ட விளக்கம் இன்னும் இல்லை.

கொள்கையைக் கணக்கிட்டுச் சரிபார்ப்பதுதான் கடினம். ஓர் அணு இடம் காலியாக இருக்கலாம், மேல் அல்லது கீழ்த் தற்சுழற்சியுடைய ஓர் எலக்ட்ரானைக் கொள்ளலாம், இரண்டையும் கொள்ளலாம். ஆக, இடத்துக்கு 4 நிலைகள். 16 இடங்களுக்கே 429 கோடிக்கு மேல். எனவே மாண்டே கார்லோ முறையில், பானைச் சோற்றில் சில பருக்கைகளை நசுக்கிப் பதம் பார்ப்பதுபோல, நிகழ வாய்ப்பு மிகுந்த நிலைகளைக் கணினி பொறுக்கியெடுத்துச் சராசரி காண்கிறது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், பரமேகாந்தி, ரந்தேரியா, திரிவேதி மூவரும் தாமிர ஆக்சைடுகளுக்கு இம்முறையில் கணக்கிட்டு 2001இல் வெளியிட்டனர்.

2010இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பாதக், ஷெனாய் இருவரும் பாஸ்கரனுடன் சேர்ந்து, எலக்ட்ரான் அளவு மாற்றிய கிராஃபீனில் (கரியணுத் தாளில்) இத்தகைய இணைவு கூடும் எனப் பாவனையாக்கத்தில் காட்டினர். 2018இல், 1.1 பாகை திருகி அடுக்கிய இரு கிராஃபீன் தாள்கள் ஏறத்தாழ 1.7 கெல்வினில் மீக்கடத்துவதை மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வகம் கண்டது.

எல்லா நிலைகளையும் எண்ணுவது இன்றும் எளிதல்ல. இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா மீக்கணினியின் வேகம் 3.3 பெட்டாஃப்ளாப், அதாவது நொடிக்கு 3,300 லட்சம் கோடி கணக்குகள். அந்த வேகத்தில் வெறுமனே எண்ணிக்கொண்டு போனாலும், 40 இடங்களின் நிலைகளை எண்ணி முடிக்க 11 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.