பயிற்சியாளர் நாற்காலியில் யார்?

திருவனந்தபுரத்தில் பலர் பழவங்காடி கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் புதிய காரியத்தில் இறங்குகிறார்கள்.   கோவிலைத் தாண்டிக் கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் வடக்கே போகும் வண்டி ஏறினால், கேரளப் பல்கலைக்கழக வளாகம் இருக்கும் காரியவட்டம் வரும். 1985 ஆகஸ்ட் 17 அன்று அங்கே லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி தொடங்கியது. விளையாட்டை ஒரு பட்டப்படிப்பாகப் படித்து, அதையே பிழைப்பாக்கிக்கொள்ள நினைத்த தென்னாட்டுப் பெண்களுக்கு அது ஒரு முக்கியமான வாசல்.

அந்த வாசலைக் கடந்த பிறகு வேலை எங்கே என்பதுதான் கேள்வி. கேரளத்தில் பெண்கள் கால்பந்தின் கதையைப் பெரும்பாலும் கோல்களை வைத்துச் சொல்கிறோம். பயிற்சியாளரின் நாற்காலியை வைத்துச் சொன்னால் வேறொரு வரலாறு தெரியும்.

ஆண்களுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு கடினமாக இருந்ததில்லை. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் பிறந்து திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் பெண்ணெடுத்த கர்னல் கோதவர்ம ராஜா, 1950களில் இங்கே விளையாட்டுக் கவுன்சிலுக்கு அடித்தளம் போட்டார். அவர் பெயரில் நகரத்தை ஒட்டி ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியே இருக்கிறது. திருவிதாங்கூர் ஸ்டேட் பாங்க், டைட்டானியம், ஏஜீஸ் ஆபீஸ், கேரள போலீஸ் என்று அலுவலக அணிகள் வரிசையாக இருந்தன. ஆடும்வரை சம்பளம், ஆடி முடித்தபின் அதே அலுவலகத்தில் நாற்காலி, கொஞ்சம் திறமையும் விருப்பமும் இருந்தால் அணியின் பயிற்சியாளர் பொறுப்பு. பொழியூர், தூத்தூர் போன்ற எல்லையோரக் கடற்கரைக் கிராமங்களின் பையன்களுக்குக் கூட இந்தப் பாதை தெரிந்திருந்தது. அவர்களுடைய சகோதரிகளுக்கு அப்படி ஒரு பாதை போடப்படவில்லை.

இந்தியப் பெண்கள் கால்பந்துக்கென்று தனிச் சம்மேளனம் 1975இல் உருவானது. முதல் தேசிய அணிக்குப் பயிற்சி தந்தவர் சுஷீல் பட்டாச்சார்யா. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணிக்கும் அவர்தான் முதல் பயிற்சியாளர். ஐந்தே ஆண்டுகளில், 1980 ஜனவரியில், ஆசியப் பெண்கள் போட்டி கோழிக்கோட்டில் நடந்தது. இந்தியா இரண்டு அணிகளை இறக்கியது. மேற்கு ஆஸ்திரேலியாவிலிருந்துகூட ஓர் அணி வந்தது. இறுதியாட்டத்தில் தைவான் பெண்களிடம் 2-0 என்று தோற்று, இந்தியா இரண்டாமிடம் பெற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். அந்தத் தலைமுறையின் கேப்டன் சாந்தி மல்லிக், அர்ஜுனா விருது பெற்ற முதல் பெண் கால்பந்து வீரர்.

ஆசியாவில் இரண்டாமிடத்தில் நின்ற ஒரு தலைமுறை அது. அதிலிருந்து பத்துப் பதினைந்து பயிற்சியாளர்களாவது உருவாகியிருந்தால் நாடு இன்று எங்கே இருந்திருக்கும்! 1990களின் தொடக்கத்தில் அகில இந்திய கால்பந்து சம்மேளனம் பெண்கள் ஆட்டத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட பிறகும், பயிற்சியாளர் பணியிடம் என்ற ஒன்றைப் பற்றி யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. ஆடிய பெண்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை. அதுவும் கிடைத்தவர்களுக்குத்தான்.

அந்தச் சிறிய இடத்தில் நின்றுகொண்டு பெரிய காரியம் செய்தவர் கோழிக்கோட்டு ஃபௌசியா மாம்பற்ற. ஹேண்ட்பால், ஹாக்கி, ஜூடோ என்று பல ஆட்டங்களில் இறங்கியவர். கால்பந்தில் கோல்கீப்பர். 2003இல் நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளியில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பெண்பிள்ளைகள் அரைக்கால் சட்டையோடு மைதானத்தில் ஓடுவதற்கு வீட்டில் சம்மதம் வாங்குவதும் அன்று பயிற்சியாளரின் வேலையில் ஒரு பகுதி. அவரிடம் பழகிய மாணவிகள் மாநில அணிக்கும் இந்திய இளையோர் அணிகளுக்கும் போனார்கள். 2021 பிப்ரவரியில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. ஒரே பள்ளி, ஒரே மைதானம், பதினேழு பதினெட்டு ஆண்டுகள். ஒரு பயிற்சியாளரை ஓரிடத்தில் நிலையாக இருக்கவிட்டால் என்ன விளையும் என்பதற்கு நடக்காவு ஓர் எடுத்துக்காட்டு.

அப்படி ஓரிடத்தில் நிலைத்திருந்து கல்லூரிப் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருவதை வாழ்நாள் தொழிலாக்கிய நாடு அமெரிக்கா. அதற்குக் காரணம் ஒரு சட்டம். அரசு நிதி பெறும் கல்விக்கூடங்கள் ஆண், பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்ற ‘டைட்டில் ஒன்பது’ 1972 ஜூன் 23 அன்று கையெழுத்தானது. கல்லூரிகள் பெண்களுக்கு அணி கட்டவேண்டியதாயிற்று. அணி வந்ததும் தலைமைப் பயிற்சியாளரும் சம்பளமும் வந்தன. 1982இல் நடந்த முதல் தேசியக் கல்லூரிப் பெண்கள் கால்பந்துக் கோப்பையின் இறுதிச் சுற்றில் இருந்தவை 12 அணிகள். இன்று 64.

அந்த முதல் கோப்பையை வென்ற வட கரோலினா அணியின் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸ், 1951இல் பம்பாயில் பிறந்தவர். 1979இல் உட்கார்ந்த நாற்காலியை விட்டு 2024இல்தான் எழுந்தார். அவர் அணி வென்ற தேசியப் பட்டங்கள் 22. புகழ்பெற்ற வீராங்கனை மியா ஹாம் அவருடைய மாணவி. நடுவே அமெரிக்கத் தேசிய அணியையும் நடத்தி, 1991இல் குவாங்சௌவில் நார்வேயை 2-1 என்று வென்று முதல் பெண்கள் உலகக்கோப்பையைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு நாள் பயிற்சிக்கும் மதிப்பெண் போட்டு, யார் முன்னே, யார் பின்னே என்று எல்லோரும் பார்க்க ஒட்டுவது அவர் முறை. பெண்கள் கடும்போட்டியைத் தாங்கமாட்டார்கள் என்ற எண்ணத்தை அந்த முறை உடைத்தது.

அந்தத் தொழிலின் இருண்ட பக்கத்தையும் சொல்லவேண்டும். 1998இல் முன்னாள் வீராங்கனைகள் இருவர், பயிற்சியிடத்தில் தங்கள் அந்தரங்க வாழ்க்கையைப் பற்றி முறையற்ற பேச்சு நடந்ததாக டோரன்ஸ்மேல் வழக்குப் போட்டார்கள். பத்தாண்டு இழுத்து, சமரசத்திலும் மன்னிப்புக் கடிதத்திலும் அது முடிந்தது. நம் நாட்டிலும் 2022இல், 17 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியின் உதவிப் பயிற்சியாளர் ஒருவர் பாலியல் முறைகேட்டுக்காக நீக்கப்பட்டார். இளம்பெண்களின் வாய்ப்பு முழுவதும் ஒரே ஆளின் கையில் இருக்கும் இடத்தில், அந்தக் கையைக் கண்காணிக்கும் விதிகளும் இருந்தாகவேண்டும்.

அமெரிக்க அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. 1972இல் அங்கே எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துக் கல்லூரிப் பெண்கள் அணிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பெண்களே பயிற்சி தந்தார்கள். சம்பளமும் மதிப்பும் ஏறிய பிறகு அது பாதிக்கும் கீழே போயிற்று. நாற்காலிக்கு மெத்தை போட்டதும் ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஆனாலும் கல்லூரிப் பயிற்சியாளராக இருந்து அமெரிக்கத் தேசிய அணிக்கு ஏறி வந்த ஜில் எல்லிஸ், 2015, 2019 என்று இரண்டு உலகக்கோப்பைகளை அடுத்தடுத்து வென்று காட்டினார்.

நம் நாட்டில் மாற்றம் இந்தியப் பெண்கள் லீக் வந்த பிறகு வேகம் பிடித்தது. கடலூரில், சுனாமிக்குப் பிறகு பயிற்சியாளர் மாரியப்பன் வளர்த்த இந்திரா காந்தி விளையாட்டு அகாடமியிலிருந்து சுமித்ரா காமராஜ் போன்றவர்கள் இந்திய அணிவரை போனார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு, மணிப்பூரை 2-1 என்று வென்று முதன்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது. 2019இல் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் லீக் கோப்பையை வென்றபோது தலைமைப் பயிற்சியாளர் அமிர்தா அரவிந்த். அடுத்த ஆண்டு பெங்களூரில் கோகுலம் கேரளா, கிரிஃப்சா அணியை 3-2 என்று வென்றபோது அணிக்கு வழிகாட்டியவர் கண்ணூர்க்காரரான பி.வி. பிரியா. இரண்டு கோப்பைகளிலும் கோலடித்துக் குவித்தவர் ஒரே நேபாளப் பெண், சபித்ரா பண்டாரி. இரண்டு முறையும் பயிற்சியாளர் இடத்தில் ஒரு பெண் இருந்தது அதைவிட முக்கியமான செய்தி.

2017இல் கோவாவின் மேமோல் ராக்கி இந்தியப் பெண்கள் அணியின் முதல் பெண் தலைமைப் பயிற்சியாளரானார். பிரியா 2023இல் 17 வயதுக்குட்பட்ட இந்திய அணியை நடத்தினார். 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வென்று, தகுதிச்சுற்று வழியாக முதன்முறை ஆசியக்கோப்பைக்குள் நுழைந்தது. அன்று தலைமைப் பயிற்சியாளர் கிரிஸ்பின் செத்ரியின் உதவியாளராக இருந்தவரும் பிரியாதான்.

இவர்கள் ஏறி வந்தது கிளப்புகள் வழியாக. கிளப்புக்குப் பணமுடை வந்தால் பயிற்சியாளரின் வேலையும் போய்விடும். கல்லூரி அப்படி அல்ல. ஒவ்வொரு ஆண்டும் புதுப் பெண்கள் வருவார்கள், மைதானம் அங்கேயே இருக்கும். ஆனால் பல பல்கலைக்கழகங்களில் பெண்கள் அணிக்கான பயிற்சி இன்றும் போட்டிக்கு முன் நடக்கும் சில வார முகாமோடு முடிந்துவிடுகிறது. முகாம் நடத்த வருபவர் அடுத்த ஆண்டு வருவாரா என்பது அவருக்கே தெரியாது.

கேரளப் பல்கலைக்கழகமும் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஒன்று செய்யலாம். மைதானம் உள்ள ஒவ்வொரு பெண்கள் கல்லூரியிலும் ஒரு முழுநேர கால்பந்துப் பயிற்சியாளர் பணியிடத்தை உருவாக்கட்டும். உரிமம் பெற்ற முன்னாள் வீராங்கனைகளுக்கு அதில் முன்னுரிமை தரட்டும், பத்தாண்டாவது அவர்களை அந்த இடத்திலேயே இருக்கவிடட்டும். உங்கள் மகள் படிக்கும் கல்லூரியில் பெண்கள் அணி இருந்தால், அதற்குப் பயிற்சியாளர் யார், அவருக்கு நிரந்தரச் சம்பளம் உண்டா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள்.